இரண்டு கடலின் நெய்மீன்

கரையில் இழுத்து ஏற்றிய வள்ளத்துக்குள் ஒரு நெய்மீன் இன்னும் சாகாமல் கிடந்தது. என் இடுப்புயரத்துக்கு இருக்கும். வள்ளத்தின் சொந்தக்காரர் ஒரு காலை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கனத்த மரக்கட்டையால் அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே அடித்தார். முதல் அடியில் அது சாகவில்லை. வாலால் அடித்து எழும்பி அவர் கெண்டைக்காலைக் கவ்வப் பார்த்தது. அடுத்த அடியில் உடம்பு முழுக்க விறைத்து நடுங்கி அடங்கியது. ரத்தம் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்ததில் கடலும் கரையும் சிவப்புப் புள்ளிகளுக்குப் பின்னால் போய்விட்டன.

“கண்ணாடியத் தொடச்சிட்டு வெட்டு பிள்ளே. இனி ஒண்ணும் செய்யாது,” என்றார்.

நான் கத்தரிக்கோலை எடுத்து முதுகில் விசிறிபோல நிற்கிற செட்டையின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு மூடினேன். என் வேலை அவ்வளவுதான். அந்தத் துண்டை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். படிப்பவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு ஊர் குழித்துறை. அப்பாவுக்குச் சந்தையில் வாழைக்குலை மொத்தக் கடை. மீன் எங்கள் வீட்டில் தினமும் உண்டு, ஆனால் அது கடலிலிருந்து எப்படி வருகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் விலங்கியல் படித்தேன், பிறகு நெய்மீனைப் பற்றிய ஓர் ஆய்வில் சேர்ந்தேன். நெய்மீன் ஓரிடத்தில் இருக்கிற மீன் இல்லை. கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டி நெடுந்தூரம் போகும், வரும். கேள்வி இதுதான்: குமரி முனைக்குக் கிழக்கே பிடிபடுகிற நெய்மீனும் மேற்கே பிடிபடுகிற நெய்மீனும் ஒரே குடும்பமா, அல்லது வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் கலந்து பெருகாத இரண்டு தனிக் கூட்டங்களா?

கேட்க ஏதோ படிப்பாளிகளின் வேலை போலத்தான் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் அது அடிதடிக் கேள்வி. மீன்கள் பெருகட்டும் என்று ஆண்டுதோறும் கொஞ்ச காலம் விசைப்படகுகளைக் கடலுக்குப் போகவிடாமல் தடை போடுகிறார்கள். கிழக்குக் கரைக்கு அந்தத் தடை ஒரு காலம், மேற்குக் கரைக்கு வேறொரு காலம். முனைக்கு இந்தப் பக்கம் படகுகள் கட்டிக் கிடக்கும்போது அந்தப் பக்கம் ஓடும். ஓடுகிற படகு சில நேரம் எல்லைக் கோட்டைத் தாண்டி வரும். வந்தால் சண்டை.

அந்த வள்ளக்காரர் மேற்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர். ஊர்ப் பெயர் வேண்டாம். நாற்பது தாண்டியவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். தூண்டில் போட்டு நெய்மீன் பிடிக்கிறதில் கெட்டிக்காரர். கோபமும் அதே அளவு. கூட வேலை செய்கிற ஆள் கயிற்றைத் தவறவிட்டான் என்று அவன் கன்னத்தில் அறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அறைந்த கையாலேயே அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் மட்டும் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஏலத்துக்குப் போவதற்கு முன்னால் தன் மீன்களைத் தனியாக எடுத்துப் போட்டு, “வெட்டிட்டுப் போ” என்பார். செட்டையில் கை வைத்தால் விலை குறைந்துவிடும் என்று மற்றவர்கள் என்னை விரட்டுகிற காலத்தில் அவர் ஒருவர்தான் விட்டார்.

அவருடைய மனைவி அந்தக் கரையிலேயே மீன் எடுத்து விற்கிறவர். நான் அக்கா என்பேன். அக்கா பிறந்தது முனைக்குக் கிழக்கே உள்ள ஊரில். அவருக்கு ஒரே தம்பி. அவன் அங்கே ஒரு விசைப்படகில் வேலை பார்த்தான். திருவிழாவுக்கு வந்தால் அக்காள் வீட்டில்தான் தங்குவான். மச்சானும் மச்சினனும் ஒரே பாயில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள். நான் ஒருமுறை அவர்கள் வீட்டில் சோறு சாப்பிட்டபோது தம்பி எனக்குப் பரிமாறினான். என் குப்பிகளைத் தூக்கிப் பார்த்து, “இதுக்குள்ள இருக்க துண்ட வச்சு அதுக்க அம்மா யாருன்னு சொல்லிருவியளா?” என்று கேட்டான்.

“அம்மாவுக்க அம்மாவுக்க அம்மா வரை சொல்லலாம்,” என்றேன்.

அது உண்மைதான். தாய் மட்டுமே குஞ்சுக்குக் கடத்துகிற ஒரு சிறு மரபணுப் பகுதி உண்டு. அதில் தகப்பன் மீனுக்குப் பங்கே கிடையாது. ஒரு கரையின் மீனிலும் இன்னொரு கரையின் மீனிலும் அதைப் படித்துப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று, இல்லை பிரியவே இல்லையா என்று தெரியும்.

ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் தடைக்காலம். கடல் கொந்தளித்துக் கிடந்தது, தடை இல்லாத வள்ளங்கள் மட்டும் அலையை உடைத்துக்கொண்டு போய்வந்தன. நான் காலைப் பேருந்தில் வந்து இறங்கியபோது மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பூசை நேரம் இல்லை. கரை முழுக்க ஆள். அலைகளுக்கு அப்பால் ஒரு விசைப்படகைச் சுற்றி எங்கள் பக்கத்து வள்ளங்கள் நின்றன. தடையை மதிக்காமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து மடி வலை இழுத்தபோது வளைத்துப் பிடித்துவிட்டார்கள் என்றார் பக்கத்தில் நின்றவர்.

பிடிபட்டவர்களை ஒவ்வொரு வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கைகள் நைலான் கயிற்றால் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வள்ளம் மணலில் முட்டுவதற்கு முன்பே ஆட்கள் தண்ணீரில் இறங்கி அவர்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் அலையில் முகம் குப்புற விழுந்தார். கை கட்டியிருந்ததால் எழ முடியவில்லை. அவரை எழுப்பி நிறுத்தி, நிறுத்திய உடனே வயிற்றில் உதைத்தார்கள். ஈர மணலில் முழங்காலிட வைத்த வரிசையில் கடைசியில் இருந்தவனை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் அடையாளம் கண்டேன். அக்காவின் தம்பி.

வள்ளக்காரர் அவனைப் பார்த்தபடி நின்றார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அங்கே நின்றவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கூட்டத்திலிருந்து ஒருவன், “இவருக்க மச்சினன்தான் இவனுவளுக்கு வழி காட்டுகது,” என்றான். சத்தமாக இல்லை. ஆனால் கேட்டது.

அவர் திரும்பி, மணலில் கிடந்த துடுப்பை எடுத்தார்.

“மச்சான், நான் ஸ்ராங்கு இல்ல. அவரு ஓட்டுன பக்கம் வந்தேன். வேற என்ன செய்வேன்?” என்றான் தம்பி. படகை ஓட்டுகிறவரைத்தான் அங்கே ஸ்ராங்கு என்பார்கள்.

“எனக்க கடல்ல வந்து எனக்க குஞ்ச வாருகியா?” என்றார் அவர். துடுப்பின் அகன்ற பக்கத்தால் அடித்திருந்தால் வெறும் வீக்கத்தோடு போயிருக்கும். விளிம்பால் அடித்தார். அடி நெற்றிக்கும் மூக்குக்கும் இடையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும் இருந்தது.

ஓடிப் போய்த் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இதற்குள் விசைப்படகின் மீன்பெட்டிகளைக் கொண்டுவந்து மணலில் கவிழ்த்தார்கள். முழுக்க முழுக்க நெய்மீன் குஞ்சுகள். முழங்கை நீளம்கூட இல்லாதவை, இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாதவை, குவியல் குவியலாக. வெள்ளிப் பளபளப்புப் போய், மடியில் நசுங்கிக் குடல் வெளியே வந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் கரையிலிருந்த பெண்கள்கூட வைய ஆரம்பித்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. அடிபட்டவர்கள் பக்கம் மட்டும் நியாயம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

வள்ளக்காரர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளே, இஞ்ச வா. இத வெட்டு.”

“அண்ணே, மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்.”

“அது போவாங்க. நீ வெட்டு. இது நம்ம மீனா அவனுவளுக்க மீனான்னு உனக்க மெசின்ல பாத்துச் சொல்லு. கலெக்டருக்க முன்னால சொல்லணும்.”

சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள். நான் உட்கார்ந்து வெட்டினேன். முதல் குப்பியின் மூடி மணலில் விழுந்தது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த ஒருவரின் உதட்டிலிருந்து ரத்தம் வடிந்து நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த மீன்கள் மேல் சொட்டியது. அந்த மீன்களைத் தள்ளி வைத்துவிட்டு வேறு மீன்களை எடுத்தேன். உதடு கிழிந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் தண்ணி தருவியளா?” என்று கேட்டார். என் பையிலிருந்த பாட்டிலை அவர் வாயில் சரித்தேன். பின்னாலிருந்து யாரோ பாட்டிலைத் தட்டிவிட்டார்கள்.

அப்போது அக்கா வந்தார். ஏலம் போடுகிற இடத்திலிருந்து மீன் சுமக்கிற அலுமினியச் சருவத்தோடு ஓடி வந்தவர், தம்பியைப் பார்த்ததும் சருவத்தைப் போட்டார். கத்தவில்லை. தம்பியிடம் போகாமல் நேராகக் கணவரிடம் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“நீயா அடிச்ச?”

“கைய எடு.”

“நீயா அடிச்சன்னு கேட்டேன்.”

அவர் அக்காவின் கையைப் பிடித்து முறுக்கினார். அக்கா சட்டையை விடவில்லை. இன்னும் முறுக்கினார். ஏதோ முறிந்த மாதிரி இருந்தது, அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். கரையில் அத்தனை ஆண்கள் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. அது புருசன் பெண்டாட்டி விவகாரம்.

பங்குச் சாமியாரும் போலீசும் வந்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்கள். தம்பியையும் அக்காவையும் ஒரே வண்டியில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தம்பியின் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அக்காவுக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். கட்டோடு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிழக்கே அம்மா வீட்டுக்குப் போனார்.

பதிலடி வர நாளாகவில்லை. கிழக்குக்காரர்கள் நடுக்கடலில் எங்கள் பக்கத்து வள்ளங்களை மடக்கி, ஆட்களை அடித்து வேறொரு வள்ளத்தில் ஏற்றி விரட்டிவிட்டு, வெறும் வள்ளங்களுக்குப் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். ஃபைபர் எரிந்தால் வருகிற கரும்புகை கரையிலிருந்தே தெரிந்தது என்றார்கள். எரிந்ததில் வள்ளக்காரருடையதும் ஒன்று. எஞ்சினோடு போயிற்று. அடுத்த முறை நான் கரைக்குப் போனபோது அவர் மணலில் சும்மா உட்கார்ந்திருந்தார். எரிகிற வள்ளத்தை விடாமல் பிடித்ததில் முழங்கையில் தோல் உரிந்த தீப்புண். ஈ மொய்த்தது, அவர் விரட்டவில்லை.

“வந்ததா?” என்று மட்டும் கேட்டார். ஆய்வு முடிவைத்தான்.

“இன்னும் இல்ல அண்ணே.”

“சட்டுன்னு பாரு.”

குப்பிகள் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்பெட்டியில் இருந்தன. நான் பல மாதங்கள் அவற்றோடுதான் இருந்தேன். கிழக்கே வெவ்வேறு துறைகளிலும் மேற்கே வெவ்வேறு துறைகளிலும் எடுத்த துண்டுகள், அவற்றோடு அன்றைக்குக் கரையில் வெட்டிய குஞ்சுகளின் துண்டுகள். ஒவ்வொன்றையும் கரைத்து, சுத்தம் செய்து, இயந்திரத்தில் கொடுத்து, வந்த எழுத்து வரிசைகளைக் கணினியில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினோம். கிழக்குக்கு ஒரு கிளை, மேற்குக்கு ஒரு கிளை என்று பிரிகிறதா என்று பார்த்தோம். பிரியவில்லை. எப்படிக் கலைத்துப் போட்டாலும் பிரியவில்லை. ஒரே தாய்வழி வரிசை எங்கள் துறையிலும் இருந்தது, கிழக்கே வெகுதூரத்திலும் இருந்தது.

அந்த எழுத்துகளில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பெரும்பாலான வரிசைகள் ஒன்றிலிருந்து ஒன்று மிகச் சிறிய அளவில்தான் மாறுபட்டிருந்தன, நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வெடித்துச் சிதறின மாதிரி. எப்போதோ, மனிதர்கள் வலை பின்னுவதற்கு முன்னால், இந்தக் கூட்டம் ஏதோ காரணத்தால் சுருங்கிக் கொஞ்சமே மிஞ்சி, மிஞ்சியவற்றிலிருந்து மறுபடி பெருகியிருக்கிறது. கடல் மட்டம் தாழ்ந்து, இலங்கைக்கும் நமக்கும் நடுவே நிலம் தெரிந்த காலமாக இருக்கலாம் என்றார் எங்கள் குழுவை நடத்தியவர். அன்றைக்குப் பிழைத்த தாய்மீன்களின் பிள்ளைகள்தான் இரண்டு கடலிலும். எனக்கு அதைப் படிக்கையில் மணலில் கவிழ்த்த குவியல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

நாகர்கோவிலில் சமாதானக் கூட்டம் கூட்டினார்கள். அரசு அலுவலகத்தின் பெரிய அறை. நடுவில் வழி விட்டு, இந்தப் பக்கம் மேற்கு ஊர்க்காரர்கள், அந்தப் பக்கம் கிழக்கு ஊர்க்காரர்கள். முன்னால் மேசையில் அதிகாரிகள். தம்பி கிழக்குப் பக்கத்தில் முதல் வரிசையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவையும் கூட்டி வந்திருந்தார்கள். அன்றைக்குக் கரையில் நடந்ததற்குச் சாட்சி என்று. வள்ளக்காரர் எதிர்ப் பக்கத்தில் இருந்தார். அக்கா ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் குழுத் தலைவருக்கு உடம்பு சரியில்லை. என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எளிமையாகச் சொன்னேன். நாங்கள் பார்த்த அளவில் கிழக்கு நெய்மீன் என்றும் மேற்கு நெய்மீன் என்றும் இரண்டு இல்லை. எல்லாம் கலந்து பெருகுகிற ஒரே கூட்டம். ஆகவே எந்தக் கரையில் குஞ்சைப் பிடித்தாலும் இழப்பு இரண்டு கரைக்கும். தடைக்காலம் இரண்டு கரைக்கும் வேறு வேறாக இருந்தால் அந்த மீனுக்கு ஓய்வே கிடைக்காது.

சொல்லி முடித்துத் தாளை மடித்தேன். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வள்ளக்காரர் எழுந்தார். “கேட்டியளா? எங்க மீனுதான். எங்க மீனுக்க குஞ்சத்தான் இவனுவ வாரினது. பிள்ள படிச்சுப் பாத்துச் சொல்லியாச்சு.”

கிழக்குப் பக்கத்தில் ஒரு படகு முதலாளி எழுந்தார். “என்ன சொன்னாங்க? ஒரே மீனுன்னு சொன்னாங்க. அப்ப அது உங்க அப்பன் வீட்டு மீனில்ல. எங்க மீனும்தான். எங்க மீன நாங்க எங்கயும் போய்ப் பிடிப்போம். எவன் தடுக்க?”

ஒரே வாக்கியத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். “நான் அப்படிச் சொல்லல்ல,” என்று மைக்கில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யார் முதலில் எறிந்தார்கள் என்று பிறகு விசாரணையில்கூடத் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தலைகளுக்கு மேலே பறந்து மேசையில் விழுந்தது. அதிகாரிகள் பின்வாசல் வழியாகப் போனார்கள். நடுவில் விட்டிருந்த வழி மறைந்துவிட்டது. நாற்காலிக் கால்களை முறித்துக்கொண்டு அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி நொறுங்கிற்று. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு என்னைக் கடந்து போனார், விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

என் முடியை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். திரும்பினால் மேற்குப் பக்கத்து ஆள்தான், முன்பு ஒருநாள் கரையில் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவர்.

“ஏட்டி, நீ யாருக்க பக்கம்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இடது கன்னத்தோடு காதைச் சேர்த்து அறைந்தார். காதுக்குள் ஏதோ வெடித்தது. அந்தக் காதில் இன்றைக்கும் எனக்குப் பாதிதான் கேட்கும்.

அடுத்த அறை விழுவதற்குள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். அறையின் மூலையில் பெண்கள் கழிப்பறை இருந்தது. உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். யாரோ ஓடி வந்து கதவில் மோதினார்கள். மோதியது அடிக்க வந்தவரா, அடி வாங்கி விழுந்தவரா என்று தெரியவில்லை. அக்கா முதுகைக் கதவில் கொடுத்து நின்றார். நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை.

“காதுல ரத்தம் வருகு. சேலய வச்சு அமுத்திப் பிடி,” என்றார். பிறகு, “நீ பேசினது எனக்குப் பாதி வெளங்கல. அண்ணைக்கு நீ வெட்டினியே, அந்தக் குஞ்சு, அது எங்க பெறந்தது? கிழக்கயா, மேற்கயா?”

“தெரியாதுக்கா. எங்க வேணும்னாலும் பெறந்திருக்கலாம். அதப் பாத்துச் சொல்ல முடியாது.”

“யாருக்கும் தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது.”

வெளியே ஒருவர் வலியில் அலறினார். அலறல் நிற்கும்வரை அக்கா காத்திருந்தார்.

“அப்பம் எனக்க தம்பிக்கு எதுக்குக் கண்ணு போச்சு?”

அக்கா தன் வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. “சருவம் தூக்க முடியல்ல. தூக்கினா விட்டுப் போவுது. இதுக்கு முன்னாலயும் கை வச்சிருக்காரு. இடுப்புல, முதுகுல. வெளிய தெரியாத எடத்துல. கரையில எல்லாரும் பாக்க செய்தது அண்ணைக்குத்தான். இனி நான் அந்த வீட்டுக்குப் போவ மாட்டேன். இத மொதல்ல உனக்கிட்டதான் சொல்லுதேன்.”

“பிள்ளைங்க?”

“எனக்க கூட.”

சத்தம் ஓய்ந்து போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டிய பிறகுதான் திறந்தோம். அறை முழுக்க உடைந்த நாற்காலிகள். வள்ளக்காரர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கியது, வாயிலிருந்து ரத்தம் கோழையோடு சட்டையில் வடிந்தது. மைக் வைக்கிற இரும்புக் கம்பியால் அவரை அடித்தது தம்பிதான். அவனை மூன்று போலீஸ்காரர்கள் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அமுக்கியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி எங்கோ போயிருந்தது. மூடிய இமை குழிந்து கிடந்தது.

அக்காவைப் பார்த்ததும் வள்ளக்காரர் ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை உருவாகவில்லை. கையை மட்டும் அசைத்தார், வீட்டுக்கு வா என்கிற மாதிரி. அக்கா அவர் நீட்டிய கால்களைத் தாண்டிப் போய்த் தம்பியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இப்படிச் சொல்லலாம்: பெரியவர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். கரையில் அடித்தது, வள்ளம் எரித்தது, கூட்டத்தில் மோதியது எல்லாவற்றுக்கும் இரு பக்கமும் வழக்கு இருந்தது. இரு பக்க ஊர்க் கமிட்டியும் உட்கார்ந்து, நீங்கள் இதை விடுங்கள், நாங்கள் அதை விடுகிறோம் என்று பேசிச் சமாதானமாகிவிட்டது. நான் சாட்சி சொல்லப் போய் நீதிமன்ற வராந்தாவில் நின்றுவிட்டு, தேவையில்லை என்று சொன்னதும் திரும்பி வந்தேன். தம்பியின் கண்ணை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அக்காவின் கை எந்த வழக்கிலும் இல்லவே இல்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தடைக்காலமும் முன்போலவே கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. எங்கள் ஆய்வு கட்டுரையாக வந்தது. வெளியூர்க் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். ஒரு காதில்தான் முழுதாகக் கேட்டது.

நான் அந்தக் கரைக்கு மறுபடி போனேன். என்னை அறைந்தவர் பார்த்தும் பார்க்காத மாதிரி வலையைத் தட்டிக்கொண்டிருந்தார். நானும் அவரைக் கூப்பிடவில்லை. வேறொரு வள்ளத்தில் மீன் வெட்ட விட்டார்கள். வேலை நடந்தது.

வள்ளக்காரர் தாடைக்குக் கம்பி போட்டுத் தேறியதும் வளைகுடாவுக்குப் போய்விட்டார். எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கொருவர் அங்கே மீன்பிடிக் கூலிக்குப் போனவர்தான். போன வருடம் ஒரு பகல் வேளையில் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. குரல் பிடிபடவில்லை. தாடை கோணலாகச் சேர்ந்ததில் பேச்சு குழறியது. “பிள்ளே” என்றதும்தான் தெரிந்தது.

“இஞ்சயும் நெய்மீனுதான் பிள்ளே. நம்மூரு மீனு போலயேதான். அதே வரி, அதே பல்லு. செட்டைய வெட்டி அனுப்பட்டா? இதுவும் நம்ம மீனான்னு பாத்துச் சொல்லு.”

“அப்படி அனுப்ப முடியாது அண்ணே. அனுமதி வேணும்.”

“ஓ.” பின்னால் காற்றும் எஞ்சினும் இரைந்தன. “அவளுக்க நம்பரு உனக்கிட்ட இருக்குல்லா?”

“அக்கா குடுக்கச் சொல்லல்ல.”

“நான் அவள ஒண்ணும் செய்ய மாட்டேன். பேசணும், அவ்வளவுதான்.”

“எனக்கு அது தெரியாது அண்ணே.”

அவர் என்னை வைய ஆரம்பித்தார். ஒருநாளும் என்னிடம் உயர்த்தாத குரல், அத்தனை காலமும் அடக்கி வைத்திருந்த மாதிரி வந்தது. நான்தான் அவர் வீட்டைக் கெடுத்தேனாம். என் சங்கை அறுப்பாராம். நான் முழுக்கக் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பிறகு துண்டித்து அந்த எண்ணைத் தடுத்து வைத்தேன்.

அக்கா இப்போது மார்த்தாண்டத்தில் சாலையோரம் மீன் விற்கிறார். தம்பி கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான், துறைமுகத்திலிருந்து அக்காவுக்கு மீன் ஏற்றி வருகிறவனும் அவன்தான். வலது கை சரியில்லாததால் அக்கா இடது கையில் வெட்டப் பழகியிருக்கிறார். நான் போன அன்று பலகையில் ஒரு நடுத்தர நெய்மீன் கிடந்தது. அழைப்பு வந்ததைச் சொன்னேன். அவர் கத்தியை ஓங்கி இறக்கினார். செவுளுக்குக் கீழே தலை தனியாக விழுந்தது.

“நம்பரு குடுக்கல்லேல்ல?”

“இல்லக்கா.”

“என்ன சொன்னாரு?”

“வைதாரு.”

“வையட்டும். அங்க இருந்து வைதா இஞ்ச வலிக்காது.” வயிற்றைக் கீறிக் குடலை வழித்து எறிந்தார். துண்டு போட்டு, வாலையும் சேர்த்து உறையில் கட்டி என் கையில் கொடுத்தார். பின்னால் நின்ற பெண் பொறுமை இழந்து, “எனக்குச் சாளை போடுங்க அக்கா, பஸ்ஸு வந்துரும்,” என்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பினார்.